ஹேர்னியா ஒபரேஷனுக்குப் பிறகும் அப்பாவுக்கு ஏன் இழுத்துப் பிடிக்கிறது?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 54 வயது, புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை. வலது தொடை இடுக்கில் ஹேர்னியா (குடலிறக்கம்) வந்து, வெட்டித் திறந்து மெஷ் என்ற வலை வைத்து இரண்டு மாதம் ஆகிறது. கிளினிக்கில் "எல்லாம் சரி" என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் படியேறும்போது இழுக்கிறதாம், தையலுக்குக் கீழே மரத்துக் கிடக்கிறதாம், வேலைக்குப் போகப் பயப்படுகிறாராம். "ஒபரேஷன் பிழையாகிப் போய்விட்டதா டொக்டர், இல்லை அப்பா சும்மா யோசிக்கிறாரா?"

இரண்டும் இல்லை தங்கச்சி. நாங்கள் இருமச் சொல்லிக் கை வைத்துப் பார்ப்போம். வீக்கம் திரும்பி வரவில்லை, காயம் ஆறிவிட்டது என்றால் "சரி" என்போம். அது எங்கள் சரி. பாயிலிருந்து எழும்புவது, பஸ்ஸில் ஏறுவது, தும்முவது எல்லாம் பழையபடி நடந்தால்தான் அப்பாவுக்குச் சரி. அதையும் கேட்காமல் ஒபரேஷன் வெற்றி என்று சொல்லக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே என்ன நடக்கிறது? மெஷ் என்பது பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த வலை. அதன் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடிக்க வேண்டும். அதற்கு வாரங்கள், மாதங்கள் செல்லும். அதுவரை குனியும்போதும் படியேறும்போதும் விறைப்பாக இழுக்கலாம். அப்புறம் அந்த மரப்பு. வெட்டுகிற இடத்தின் வழியாக நூல் போல மூன்று நரம்புகள் போகின்றன. அவை இழுபட்டாலோ அறுபட்டாலோ தோல் மரத்துப் போகும். பலருக்கு அந்த இடம் மெல்ல மெல்லச் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். அதனால் ஆபத்து இல்லை.

வலி என்றால் மூன்று மாதம்தான் எங்கள் எல்லைக்கோடு. அதற்குப் பிறகும் இருந்தால் நாட்பட்ட வலி. 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டல், தொடை இடுக்கு ஹேர்னியா செய்தவர்களில் 10 தொடக்கம் 12 வீதமானோருக்கு இது வருவதாகச் சொல்கிறது. காலம் போகப் போகக் குறையும். அன்றாட வேலையையே முடக்கும் வலி 0.5 தொடக்கம் 6 வீதமானோருக்குத்தான். ஆனால் அந்த ஆள் உங்கள் அப்பாவாக இருந்தால் உங்களுக்கு வீதக் கணக்கால் என்ன பயன்? அதனால்தான் வாய் திறந்து சொல்லச் சொல்கிறேன்.

ஒருமுறை ஒரு ஐயாவிடம் "எப்படி?" என்று கேட்டேன், "பரவாயில்லை டொக்டர்" என்றார். எழும்பும்போது பார்த்தேன், இடது பக்கமாகச் சரிந்து மேசையை ஊன்றித்தான் எழும்பினார். சாரத்தையும் ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டியிருந்தார். விசாரித்தால், துணி உரசினாலே சுள்ளென்று குத்துகிறதாம். "வெளியில அவ்வளவு சனம், ஏன் டொக்டரைக் கஷ்டப்படுத்துவான் என்று சொல்லவில்லை" என்றார்.

ஆகவே வீட்டில் நீங்கள் கேளுங்கள். இதற்கென்றே கரோலினாஸ் ஸ்கேல் என்று ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. படுப்பது, குனிவது, எழும்பி உட்காருவது, இருமுவது, நடப்பது, படியேறுவது உட்பட எட்டுச் செயல்கள். அவற்றில் வலி, மெஷ் உறுத்துவது, அசைவுத் தடை எவ்வளவு என்று 0 முதல் 5 வரை புள்ளி. வாரம் ஒருமுறை கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். புள்ளி இறங்கிக்கொண்டு வந்தால் பயமில்லை.

வேலை விஷயம். பாரம் தூக்கினால் மெஷ் கிழிந்துவிடும் என்ற பயம்தான் பலரை வீட்டில் வைத்திருக்கிறது. உடம்பு இடம் கொடுத்தவுடன் வழமையான வேலைகளுக்குத் திரும்பலாம் என்றுதான் அதே வழிகாட்டலும் சொல்கிறது. ஆனாலும் 50 கிலோ மூட்டைக்கு முதல் நாளே தோள் கொடுக்க வேண்டாம். சின்னச் சுமையில் தொடங்கட்டும். பீடி, சிகரெட் இருந்தால் விடட்டும். மலச்சிக்கலையும் கவனியுங்கள்.

வீக்கம் திரும்பி வந்து கல்லுப் போல இறுகினால், வாந்தி, காய்ச்சல் வந்தால், காயத்தில் சீழ் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இன்னொன்று. தாம்பத்தியத்தின்போது வலி வருவதும் உண்டு. மகளிடம் அப்பா அதைச் சொல்லமாட்டார், அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் தாண்டியும் வலி குறையாவிட்டால் அதே கிளினிக்குக்குப் போய், எந்த இடம், எப்போது, எத்தனை புள்ளி என்று கொப்பியைக் காட்டுங்கள். மருந்து இருக்கிறது, நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் இருக்கிறது. அப்பாவைத் தனியே அனுப்ப வேண்டாம், நீங்களும் கூடப் போங்கள். அவர் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுவார்.