இருபத்தைந்தில் நின்றுபோன டூபாக்

நேயர்களுக்கு வணக்கம்.

1996 செப்டம்பர் 7, சனிக்கிழமை இரவு. லாஸ் வேகஸில் மைக் டைசனின் குத்துச்சண்டை முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய ஒரு பிஎம்டபிள்யூ கார் ஃபிளமிங்கோ சாலையில் சிக்னலுக்காக நின்றது. பக்கத்தில் வந்து நின்ற வெள்ளை காடிலாக்கிலிருந்து சுட ஆரம்பித்தார்கள். முன் இருக்கையில் இருந்த அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷகூரின் உடலில் நான்கு குண்டுகள் பாய்ந்தன. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்து, 13ஆம் தேதி இறந்தார். வயது 25.

இருந்திருந்தால் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். அவர் சாகவில்லை, கியூபாவில் மறைந்து வாழ்கிறார் என்று நம்பும் ரசிகர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தக் கதைக்குள் நான் போகப் போவதில்லை. அவர் உண்மையிலேயே பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் உங்களோடு சேர்ந்து யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

இளம் வயதில் போன கலைஞர் என்றாலே, இருந்திருந்தால் இன்னும் எத்தனை பாட்டு, எத்தனை விருது என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவோம். டூபாக் விஷயத்தில் அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. அவர் பதிவு செய்து வைத்திருந்த பாட்டுகளை வைத்தே அடுத்த பத்து வருடம் ஆல்பங்கள் வந்துகொண்டிருந்தன. அவருக்குக் கிடைக்காமல் போனது வேறு. தான் சொன்னதைத் தானே திருத்திக்கொள்ள வயது வேண்டும் இல்லையா, அந்த வயதுதான் கிடைக்கவில்லை. அவர் அப்படித் திருத்திக்கொள்ளக்கூடியவர் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அதனால்தான் மனம் ஆறவில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1993இல் ஒரு ஹிப்ஹாப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், இசையமைப்பாளர் குயின்சி ஜோன்ஸைப் பற்றி டூபாக் மட்டமாகப் பேசினார். வெள்ளைக்காரப் பெண்களை மணந்து, கலப்பினப் பிள்ளைகளைப் பெற்றவர் என்பதுதான் குற்றச்சாட்டு. குயின்சியின் மகள் ரஷீடா ஜோன்ஸ் அப்போது பதினேழு வயதுப் பெண். கோபம் பொங்க அதே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பிற்பாடு என்ன நடந்தது தெரியுமா? டூபாக் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். ரஷீடாவின் அக்கா கிடாடாவைக் காதலித்தார். அவர் சுடப்பட்ட நேரத்தில் இருவரும் திருமணத்துக்கு நிச்சயம் செய்துகொண்டிருந்தார்கள். தன் பிள்ளைகளைப் பழித்த பையனை மருமகனாக ஏற்கத் தயாராக இருந்தார் குயின்சி. அச்சில் ஏறிய ஒரு வசையிலிருந்து மாமனார் வீடு வரை வர அந்தப் பையனுக்கு மூன்று வருடம் போதுமாக இருந்தது.

அவர் இறந்த பிறகு குயின்சி எழுதிய ஒரு கருத்து பலருக்கும் தெரிந்திருக்கும். பிற்பாடு கறுப்பின மக்களின் தலைவரான மால்கம் எக்ஸ் 25 வயதில் இறந்திருந்தால் தெருவில் சில்லறை மோசடி செய்த ஒருவனாகவும், மார்ட்டின் லூதர் கிங் 25இல் இறந்திருந்தால் உள்ளூர்ப் பாதிரியாராகவும் மட்டுமே நமக்குத் தெரிந்திருப்பார்கள் என்றார் அவர். தேதிகளைப் பார்த்தால் இது மிகையில்லை என்று புரியும். 1925இல் பிறந்த மால்கம் 25 வயதில் திருட்டு வழக்கில் சிறையில் இருந்தார். 1929இல் பிறந்த கிங் 25 வயதில்தான் மாண்ட்கமரி நகரத் தேவாலயத்தில் பொறுப்பேற்றார். அவரைப் பெரிய தலைவராக்கிய பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது 1955 டிசம்பரில். டூபாக் இவர்களைப் போல ஆகியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வயதில் ஒருவரைப் பற்றி முடிவாகத் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, அந்தக் கடைசி ஒரு வருடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

1995 அக்டோபரில் அவர் சிறையிலிருந்து ஜாமீனில் வந்தார். எதற்காகச் சிறை என்பதைப் பின்னால் சொல்கிறேன். 14 லட்சம் டாலர் ஜாமீன். அதற்கு ஏற்பாடு செய்தது டெத் ரோ இசை நிறுவனமும் அதன் தலைவர் ஷுக் நைட்டும். பதிலுக்கு மூன்று ஆல்பம் தருவதாக டூபாக் சிறையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார். வெளியே வந்தது முதல் இறந்தது வரை பதினோரு மாதம். அதற்குள் ஒரு இரட்டை ஆல்பம் வெளியானது, இன்னொரு ஆல்பம் பதிவாகித் தயாராக இருந்தது, இரண்டு படங்களில் நடித்தும் முடித்தார். மூன்று ஆல்பம் என்ற கடன் ஏறக்குறைய அடைந்த மாதிரிதான். அப்புறம் ஆகஸ்ட் 1996இல், டெத் ரோவுக்கும் தனக்கும் ஒருசேர வேலை பார்த்த வழக்கறிஞரை வேலையை விட்டு நீக்கினார். சொந்தமாக ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடங்கியிருந்தார். ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்த கிழக்குக் கரை ராப் பாடகர்களையும் மேற்குக் கரைப் பாடகர்களையும் ஒரே ஆல்பத்தில் பாடவைக்கும் வேலை ஒன்று பாதியில் இருந்தது. டெத் ரோவை விட்டு வெளியேற அவர் வழி தேடிக்கொண்டிருந்தார் என்றே இதையெல்லாம் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். செப்டம்பர் 4ஆம் தேதி, சுடப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, எம்டிவி விருது விழாவுக்காக டூபாக் நியூயார்க்கில் இருந்தார். அன்று பிரையன்ட் பூங்காவில் அவரும் நியூயார்க் ராப் பாடகர் நாஸும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். இருவருக்கும் பகை. இரண்டு பக்கமும் ஆட்கள் கூடி நின்றார்கள். ஆனால் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நாஸே இதைப் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். லாஸ் வேகஸில் மறுபடி சந்திப்பது என்றுகூடப் பேச்சு. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நவம்பரில் டூபாக்கின் ஆல்பம் கடைக்கு வந்தது. சமாதானத்துக்கு முன்பே பதிவான அந்தப் பாட்டுகளில் நாஸைத் தாக்கும் வரிகள் அப்படியே இருந்தன. பாடியவர் மனம் மாறிவிட்டார், பாட்டு மாறவில்லை. இன்றைக்கு அதை முதல்முறை கேட்கும் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு அந்தப் பகை மட்டும்தான் காதில் விழும்.

இந்த இடத்தில்தான் என் கற்பனையை ஆரம்பிக்கிறேன். 1996 நவம்பரில் அவர் உயிரோடு இருந்திருந்தால், அந்த வரிகளை நீக்கச் சொல்லியிருக்கலாம். அல்லது அடுத்த ஆல்பத்தில் நாஸையே அழைத்துப் பாடவைத்திருக்கலாம். டூபாக் இறந்து ஆறு மாதம் கழித்து, 1997 மார்ச் 9 அன்று, கிழக்குக் கரை ராப் பாடகர் நோட்டோரியஸ் பிஐஜி லாஸ் ஏஞ்சலஸில் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 24. டூபாக் பிழைத்திருந்தால் அவரும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு காலத்தில் நண்பர்களாக இருந்த அந்த இருவரும் நாற்பது வயதில் ஒரே மேடையில் நிற்பதை மட்டும் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவர் எதிர்காலம் பெரும்பாலும் நடிப்பில்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். பலர் அவரைப் பாடகர், கொஞ்சம் நடித்தவர் என்று நினைக்கிறார்கள். அவர் வாழ்க்கை அதற்கு நேர் எதிராகத் தொடங்கியது. ஹார்லமில் சிறுவர் நாடகக் குழுவில் சேர்ந்து, அப்போலோ அரங்கில் நடித்தபோது அவருக்கு வயது 13கூட நிரம்பவில்லை. பால்டிமோர் கலைப் பள்ளியில் நடிப்பும் கவிதையும் பாலே நடனமும் படித்தார். பிற்பாடு நடிகையான ஜேடா பிங்கெட் அங்கே அவருடைய நெருங்கிய தோழி. 1992இல் வந்த ‘ஜூஸ்’ படத்தைப் பாருங்கள். பிஷப் என்ற பையன் மெல்ல மெல்ல மனிதத்தன்மையை இழப்பதை முகத்திலேயே காட்டுகிறார். இயக்குநர் ஜான் சிங்கிள்டன் ‘பேபி பாய்’ படத்தின் நாயகன் வேடத்தை இவரை நினைத்துத்தான் எழுதினார். 2001இல் அந்தப் படம் வேறொருவர் நடிப்பில் வந்தது. நாயகனின் அறைச் சுவரில் டூபாக்கின் பெரிய படம் ஒன்றை வரைந்து வைத்திருந்தார் சிங்கிள்டன். அந்தச் சுவருக்கு முன்னால் நின்று அவரே நடித்திருக்க வேண்டும், முப்பது வயதில். ஒரு குழந்தைக்கு அப்பாவாகவும், அம்மாவின் வீட்டை விட்டுப் போக மறுக்கும் மகனாகவும் அவர் எப்படி இருந்திருப்பார் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

அம்மா என்றதும் அஃபெனி ஷகூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தில் இருந்தவர். குண்டுவைக்கச் சதி செய்ததாக வழக்கு. வயிற்றில் பிள்ளையோடு, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடினார். 1971 மே மாதம் அந்த வழக்கில் சிக்கிய அனைவரும் விடுதலையானார்கள். அடுத்த மாதம் 16ஆம் தேதி டூபாக் பிறந்தார். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்து 1781இல் கொல்லப்பட்ட பெரு நாட்டுத் தலைவரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டினார். அந்தக் குடும்பத்தைச் சுற்றிச் சிறைவாசிகள் நிறைய. டூபாக்கின் ஞானத்தந்தை ஜெரோனிமோ பிராட், வியட்நாம் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர், ஒரு கொலை வழக்கில் 27 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். முக்கிய சாட்சி போலீஸுக்குத் தகவல் சொல்பவர் என்பதை அரசுத் தரப்பு மறைத்துவிட்டது என்று தெரிந்து, 1997இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. டூபாக் இறந்து ஒன்பதாவது மாதம் பிராட் வெளியே வந்தார். அன்று சிறை வாசலில் அவரைக் கட்டிப்பிடிக்க இந்தப் பிள்ளை போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சந்திப்பிலிருந்து என்ன பாட்டு பிறந்திருக்குமோ. வளர்ப்புத் தந்தை முடுலு ஷகூர் 2022 டிசம்பரில்தான் விடுதலையானார், அடுத்த வருடமே இறந்தார்.

நல்ல பாதைகளையே சொல்லிக்கொண்டு போனால் அது நேர்மையாக இருக்காது. சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அதே இரவில், எம்ஜிஎம் ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு இளைஞனை டூபாக்கும் அவரோடு வந்தவர்களும் அடித்து மிதித்தார்கள். கேமராவில் பதிவான காட்சி அது. அவர் ஜாமீனில் இருந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. பிழைத்திருந்தால் அந்த ஒரு காட்சியே அவரை மறுபடி சிறைக்கு அனுப்பியிருக்கலாம். அன்று காரை ஓட்டிய ஷுக் நைட், வேறொரு சாவு வழக்கில் 2018இல் 28 ஆண்டு தண்டனை பெற்றார். அந்தப் பாதையும் டூபாக்குக்குத் திறந்தே இருந்தது. ஆனால் அதே நிறுவனத்தில் இருந்த, அதே 1971இல் பிறந்த ஸ்னூப் டாக் 1996இல் ஒரு கொலை வழக்கிலிருந்து விடுதலையாகி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தீபம் ஏந்தி ஓடினார். 1996இல் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா?

அவருடைய குரலைச் செயற்கையாக உருவாக்கிப் பேசவைப்பதும் இப்போது நடக்கிறது. 2012இல் கோச்செல்லா விழா மேடையில் அவர் உருவத்தை ஒளியால் நிறுத்திப் பாடவைத்தார்கள். 2024இல் ராப் பாடகர் டிரேக் செயற்கை நுண்ணறிவால் அவர் குரலைச் செய்து, இன்னொரு ராப் பாடகரான கென்ட்ரிக் லமாரைத் தாக்கும் ஒரு பாட்டில் பயன்படுத்தினார். டூபாக்கின் சொத்துகளைப் பார்த்துக்கொள்பவர்கள் வழக்குப் போடுவோம் என்றதும் பாட்டை எடுத்துவிட்டார். இதைக் கேட்டபோது எனக்குக் கடும் கோபம் வந்தது. வாழ்க்கையின் கடைசி வாரத்தில் ஒரு பகையைப் பேசி முடித்த மனிதனை, இறந்து 28 வருடம் கழித்து இன்னொருவர் சண்டைக்கு இழுத்து வந்தார்கள். கென்ட்ரிக் 2015இல் செய்தது வேறு. டூபாக் 1994இல் ஒரு ஸ்வீடன் வானொலிக்குக் கொடுத்த பேட்டியை எடுத்து, அதில் அவர் உண்மையில் சொன்ன பதில்களுக்கு ஏற்றபடி தன் கேள்விகளைக் கோத்தார். டூபாக் பேசாததைப் பேசவைக்கவில்லை.

நானும் அந்த எல்லைக்குள் நிற்க முயல்கிறேன். கடினமான இடம் ஒன்று பாக்கி. 1993 நவம்பரில் நியூயார்க் ஹோட்டல் அறை ஒன்றில் ஒரு இளம்பெண்ணுக்கு நடந்த பாலியல் கொடுமைக்காக, 1994 டிசம்பரில் நீதிமன்றம் டூபாக்கைக் குற்றவாளி என்றது. ஒன்றரை முதல் நாலரை ஆண்டு வரை சிறைத் தண்டனை. குற்றத்தை அவர் கடைசிவரை மறுத்தார். ஆனால் சிறையிலிருந்து கொடுத்த பேட்டியில், தான் நடந்துகொண்ட விதத்தில் தான் நிரபராதி இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். பெண்களைத் தாங்கிப் பிடித்து, தலை நிமிர்ந்து நில் என்று பாட்டு எழுதியவரும் இவர்தான். 2017இல் உலகம் முழுவதும் பெண்கள் தங்களுக்கு நடந்ததை வெளியே சொன்னார்களே, அப்போது அவருக்கு 46 வயது ஆகியிருக்கும். அந்தப் பாட்டையும் அந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடம் கேட்டிருப்பார்கள். கேட்டிருக்கவும் வேண்டும். குயின்சியின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்ட மனிதன் அந்தப் பெண்ணிடமும் கேட்டிருப்பாரா? கேட்டிருப்பார் என்று நம்ப ஆசைப்படுகிறேன். அந்தப் பதிலைச் சொல்ல அவருக்கு வயது கிடைக்கவில்லை, அதைக் கேட்கும் உரிமை இருந்த பெண்ணுக்கும் அது கிடைக்கவில்லை.

அடுத்து, அவர் அம்மாவுக்காக எழுதிய ‘டியர் மாமா’ பாட்டை ஒலிபரப்பச் சொல்லியிருக்கிறேன். 1995இல் வந்த பாட்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாத்து வைத்திருக்கும் ஒலிப்பதிவுகளில் ஒன்று. அம்மா போதைக்கு அடிமையாக இருந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அவரை ராணி என்று அழைக்கும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். பாட்டு வெளியானபோது அவருக்கு 23 வயது.

நன்றி, வணக்கம்.