நன்றாகப் படிக்கிறார், தேர்வில் கோட்டை விடுகிறார்

சரி, அடுத்த கேள்வி. மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மாணவர் ராத்திரி பகலாகப் படிக்கிறார், நேரில் கேட்டால் பதில் சொல்கிறார், ஆனால் எம்சிக்யூ தேர்வில் (கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு) கோட்டை விடுகிறார். என்ன டெக்னிக் சொல்லிக்கொடுக்கலாம்?"

டெக்னிக் அப்புறம். முதலில் அவர் தப்பாகப் போட்ட கேள்விகளோடு பக்கத்தில் உட்காருங்கள், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மறுபடி போடச் சொல்லுங்கள், நடுவில் நீங்கள் வாயே திறக்கக் கூடாது. நேரில் கேட்கும்போது உங்கள் முகமே அவருக்கு க்ளூ கொடுத்துவிடும், அதனால் அதை நம்பாதீர்கள்.

ஒரு கேள்வியைப் பாருங்கள். நெஞ்சுவலியோடு வந்தவர், ஈசிஜியில் 2, 3, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி எலிவேஷன் (இதயத்தின் கீழ்ப்பகுதியில் மாரடைப்பின் அடையாளம்), பிபி 80/50, கழுத்துச் சிரை புடைத்திருக்கிறது, நுரையீரல் தெளிவாக இருக்கிறது, உடனே என்ன கொடுப்பீர்கள்? மாணவர் நைட்ரோகிளிசரின் (ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட் மருந்து) என்கிறார். இப்போது விடைகளைக் கையால் மறைத்துவிட்டு, "இவருக்கு என்ன ஆகியிருக்கிறது, ஒரே வரியில் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். வலது வென்ட்ரிக்கிள் இன்ஃபார்க்ஷன் (இதயத்தின் வலது கீழறையில் மாரடைப்பு) என்று சொல்லிவிட்டு, "ஐயோ, அப்படியென்றால் சலைன்தானே, நைட்ரேட் கொடுத்தால் பிபி இன்னும் இறங்குமே" என்று அவரே திருத்திக்கொண்டால், பாடம் தெரியும், பிபியைத் தாண்டி ஓடியிருக்கிறார், அவ்வளவுதான். இவருக்கு டெக்னிக் பலன் தரும்: கேள்வியின் கடைசி வரியை முதலில் படிப்பது, விடைகளைப் பார்க்கும் முன் தன் பதிலை முடிவு செய்வது. ஆனால் அந்த ஒரு வரி வரவே இல்லை என்றால் அது தேர்வுத் திறமைப் பிரச்சினையே இல்லை, பாடம் நிற்கவில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலும் இதுதான்.

இப்படிப் பாடம் நிற்காதவர்கள் திரும்பத் திரும்ப வாசிப்பவர்கள், வாசித்தவுடன் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் செய்த ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆகவே வாசிக்கும் நேரத்தில் பாதியைக் கேள்வி போடுவதற்கு மாற்றச் சொல்லுங்கள், தப்பான ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "தெரியவில்லை", "சரியாகப் படிக்கவில்லை", "நேரம் இல்லை" என்று காரணம் எழுதட்டும்.

அப்புறம், "முதலில் தோன்றிய விடையை மாற்றாதே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பல பத்தாண்டு ஆய்வுகளில், மாற்றியவற்றில் தப்பு சரியானதுதான் அதிகம், சரி தப்பானது குறைவு. பயத்தில் மாற்ற வேண்டாம், கேள்வியில் விட்டுப்போன ஒரு தகவல் கண்ணில் பட்டால் தாராளமாக மாற்றலாம்.