எட்டு மாதிரி இல்லாமல் & எழுதுவது எப்படி?

[காட்சி: மேஜை மேல் கல்யாணப் பத்திரிகை உறைகள். ஒன்றில் "திரு & திருமதி" என்று பாதி எழுதியிருக்கிறது.]

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் வீட்டு மேஜை இது. சிக்பேட்டையில் அச்சடித்த பத்திரிகைகள். உறை மேல் பெயர் மட்டும் கையால் எழுதித் தர வேண்டும். போன வருடம் இதே மாதிரி ஒரு கட்டு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணின் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு உறையைப் பார்த்தார். "ஏம்ப்பா, திரு எட்டு திருமதின்னு போட்டிருக்க?"

அவர் படித்தது சரிதான். நான் போட்டிருந்தது எட்டுதான். கட்டு முழுவதையும் திரும்ப எழுதினேன். அன்றைக்குப் புரிந்ததை இன்றைக்குக் காட்டுகிறேன்.

[காட்சி: வெள்ளைத்தாளில் ஈ (E), டி (T) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். மெல்ல நகர்ந்து ஒன்றோடொன்று சேர்கின்றன.]

& என்பது ஒரு தனிக் குறி என்று நினைத்துத்தான் நாம் தப்பு செய்கிறோம். அது இரண்டு எழுத்து. லத்தீனில் 'எட்' என்றால் 'மற்றும்'. வேகமாக எழுதும்போது ஈயும் டியும் ஒட்டிக்கொண்டன. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்துச் சுவர்க் கிறுக்கல்களிலேயே இந்த ஒட்டு உண்டு.

எழுத்துகள் ஒட்டுவது நமக்குப் புதிதில்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களில் 'லை', 'ணை' எல்லாம் தலைக்கு மேல் துதிக்கை தூக்கி ஒரே எழுத்தாக நிற்கும். 1978இல் தமிழக அரசு எழுத்தைச் சீர்திருத்திய பிறகுதான் அவை பிரிந்தன. இங்கே பெங்களூரில் பஸ் போர்டைப் பார்த்துக் கன்னடம் எழுத்துக்கூட்டியவர்களுக்கு இன்னும் எளிது: ஒரு எழுத்தின் காலடியில் இன்னொன்று குட்டியாகத் தொங்கும், ஒத்தட்சரம். அந்தக் கண்ணோடு &ஐப் பாருங்கள், உள்ளே ஈ தெரியும்.

ஆங்கிலத்தில் இந்தக் குறிக்கு ஆம்பர்சாண்ட் என்று பேர். அந்தப் பேரும் ஒட்டிப் பிறந்ததுதான். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் அரிச்சுவடி ஒப்பிக்கும்போது கடைசி எழுத்துக்குப் பிறகு இதையும் சேர்த்து, "அண்ட், பெர் சே அண்ட்" என்று முடிப்பார்கள். 'தன்னளவில் அண்ட் என்று நிற்கும் குறி' என்று பொருள். சொல்லிச் சொல்லி வாயில் குழைந்து ஆம்பர்சாண்ட் ஆனது.

[காட்சி: பிரஷ் பேனா. கோடு போட்ட தாள்.]

சரி, கைக்கு வருவோம். முதலில் எளிய வடிவம். 3ஐக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்கும்? அதுதான் இதற்குள் இருக்கும் ஈ. மேலே வலப்பக்கத்திலிருந்து தொடங்கி இடப்பக்கமாக ஒரு சின்ன வளைவு, இடுப்பில் ஒரு சுருக்கு, கீழே பெரிய வளைவு. பேனாவைத் தூக்காமல் அப்படியே வலப்பக்கம் ஏறி, ஒரு சின்னக் கோடு இறக்கி, குறுக்கே ஒரு கீற்று. அதுதான் டி. பிரஷ் பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். இறங்கும்போது அழுத்துங்கள், ஏறும்போது விடுங்கள். இந்த வடிவத்தை யாரும் எட்டு என்று படிக்க மாட்டார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் இதிலேயே ஒரு வாரம் இருக்கலாம் என்பேன்.

[காட்சி: அச்சில் வரும் & வடிவம், பெரிதாக.]

அடுத்தது அச்சில் பார்க்கும் வடிவம். இதில்தான் நான் வழுக்கினேன். பால்பாயிண்டில் எழுதும்போது பெரும்பாலோர் வலது காலடியில் தொடங்கி மேலே ஏறுவோம். பால்பாயிண்டுக்கு அது போதும். பிரஷ் பேனாவில் அப்படி ஏறினால் அந்தச் சாய்கோடு மெலிந்துவிடும். அச்செழுத்தைப் பாருங்கள்: இடது மேலிருந்து வலது கீழே இறங்கும் அந்தச் சாய்கோடுதான் தடிமன். எழுத்தின் முதுகெலும்பே அதுதான். அதனால் எதிர்முனையில் தொடங்க வேண்டும்.

[காட்சி: கை மெதுவாக எழுதுகிறது.]

வலப்பக்கம், பாதி உயரம். அங்கே பேனாவை வையுங்கள். மெல்லிசாக இடது கீழே சரியுங்கள். கோட்டைத் தொட்டதும் பெரிய வயிறு ஒன்று. இடப்பக்கம் ஏறி, வலது மேலே குறுக்கே போங்கள். உச்சியில் சின்னத் தலை, வலமிருந்து இடமாகச் சுற்றி. இப்போது அழுத்தம். தலையின் இடப்பக்கத்திலிருந்து வலது காலடி வரை ஒரே இறக்கம், நடுவில் தயங்காமல்.

முடிந்ததும் வலப்பக்கத்தை மட்டும் பாருங்கள். மேலே ஒரு கை, கீழே ஒரு கால், இரண்டும் உண்டிவில் கவட்டை மாதிரி விரிந்திருக்க வேண்டும். என் பழைய உறைகளில் கையும் காலும் குட்டை, கவட்டையே இல்லை. மிஞ்சியது எட்டு.

ஜெராக்ஸ் தாளில் பழகாதீர்கள். அதன் சொரசொரப்பு பிரஷ் நுனியைப் பிய்த்துவிடும். அவென்யூ ரோட்டில் வழவழப்பான தாள் கிடைக்கும், அல்லது டிரேசிங் பேப்பர் போதும்.

[காட்சி: "திரு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உயரமான &.]

தமிழோடு எழுதும்போது இன்னொன்று. 'அம்மாவும் அப்பாவும்' என்று இரண்டு பக்கமும் 'உம்' போட்டு முடித்துவிடுகிற மொழி நம்முடையது. இப்படி ஒரு தனிக் குறியே அதற்குத் தேவைப்படவில்லை. கடன் வாங்கிய குறி, அதனால் உயரம் பொருந்தாது. ஆங்கிலப் பெரிய எழுத்தின் அளவில் போட்டால் 'திரு'வுக்குப் பக்கத்தில் மாடி கட்டினது மாதிரி நிற்கும். 'தி'யின் மேல்கொக்கியை விட்டுவிடுங்கள். 'த'வின் உடம்பு எவ்வளவோ, அதைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தால் போதும். இரண்டு பக்கமும் ஒரு 'ர' அளவு இடம் விடுங்கள்.

இப்போது பேசாமல் ஒரு முழு உறை எழுதுகிறேன், வேகம் குறைக்காமல். கையை மட்டும் பாருங்கள்.

[காட்சி: உறை. பேனா தாளில் உரசும் சத்தம் மட்டும்.]