பொருளியலில் கலாநிதிப் பட்டம்: பாதை அறிந்து புறப்படுவோம்

நேயர்களுக்கு வணக்கம்.

பொருளியலில் கலாநிதிப் பட்டம் பெறும் ஆசை உள்ள இளையவர்களுக்காகப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு இதில் நெடுநாளைய ஆதங்கம் ஒன்று உண்டு. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று நம் பல்கலைக்கழகங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் பொருளியல் படித்து வெளியேறுகிறார்கள். கலாநிதிப் படிப்பு வரை போகிறவர்கள் அவர்களில் மிகச் சிலர். திறமைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பாதை எப்படி இருக்கும் என்பதை நேரகாலத்தோடு சொல்லத்தான் ஆள் இல்லை.

என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஆங்கிலத்தைப் பற்றியே கேட்கிறார்கள். ஆங்கிலம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பலரைத் தடுத்து நிறுத்துவது கணிதம். நமது உயர்தரப் பரீட்சையில் பொருளியல் வர்த்தகப் பிரிவிலும் கலைப் பிரிவிலும் இருக்கிறது. இணைந்த கணிதம் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் இருக்கிறது. ஆகவே பொருளியலைத் தெரிவு செய்யும் பிள்ளை பெரும்பாலும் சாதாரண தரத்தோடு கணிதத்துக்கு விடைகொடுத்துவிடுகிறது. பிறகு பட்டம் முடித்து, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும்போதுதான் நுண்கணிதம், நேரியல் அட்சரகணிதம், நிகழ்தகவு, அதற்கும் மேலே கணிதத் துறை மாணவர்கள் படிக்கும் பகுப்பியல் எல்லாம் எதிர்பார்க்கப்படுவது தெரிகிறது.

அங்கே முதலாம் ஆண்டு முழுவதும் நுண்பொருளியல், பேரினப் பொருளியல், தரவைக் கொண்டு பொருளியலை அளந்து பார்க்கும் பொருளியல் அளவையியல் என்ற மூன்று பாடங்கள்தான். மூன்றும் நிறுவல்களாலும் சமன்பாடுகளாலும் ஆனவை. ஆண்டு முடிவில் தகுதிகாண் பரீட்சை. அதில் தேறாதவர்கள் முதுமாணிப் பட்டத்தோடு வெளியேற வேண்டி வரலாம். பிரித்தானியாவில் அமைப்பு சற்று வேறு. பொதுவாக முதுமாணியை முடித்துவிட்டு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆய்வு. அமெரிக்காவில் எல்லாம் சேர்த்து ஐந்து, ஆறு ஆண்டுகள். அதனால் பல்கலைக்கழகத்தில் இப்போது முதலாம், இரண்டாம் வருடத்தில் இருப்பவர்களிடம் சொல்கிறேன்: கணிதத் துறையிலும் புள்ளிவிபரவியல் துறையிலும் எடுக்கக்கூடிய பாடங்களை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கணிதமோ புள்ளிவிபரவியலோ படித்தவர்களும் பொருளியல் கலாநிதிப் படிப்புக்குப் போகலாம் என்பதையும் நம் வீடுகளில் பலர் அறிந்திருப்பதில்லை.

இனி நான் அதிகம் பேச விரும்புகிற விடயத்துக்கு வருகிறேன். பரீட்சையைத் தாண்டிய பிறகு ஒரு வெறுமை வரும். அதுவரை கேள்வியை ஆசிரியர் தந்தார், விடையை மாணவர் எழுதினார். இப்போது கேள்வியையே மாணவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும்? 1992ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், அலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் எல்லையின் இரு பக்கத்துத் துரித உணவகங்களிலும் சம்பள உயர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று கேட்டுப் பதிந்தார்கள். சம்பளம் கூடினால் வேலை குறையும் என்று பாடநூல் சொல்லிவந்தது. அவர்களுடைய தரவில் அப்படி ஒரு குறைவு தென்படவில்லை. அதன் மீது எழுந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. 2021இல் நோபல் பரிசு பெற்றவர்களில் கார்டும் ஒருவர். குரூகர் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

அந்த 2021ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. அதற்குப் பிறகு வேலைநாட்கள் குறைக்கப்பட்டதாகவும், பறிக்க வேண்டிய தேயிலைக் கொழுந்தின் அளவு கூட்டப்பட்டதாகவும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. கம்பனிகள் செலவைச் சொல்லி வாதாடின. இரண்டு பக்கமும் பேசுவதை வானொலியில் கேட்டோம். ஆனால் உண்மையில் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் கூடியதா, குறைந்ததா? இதைத் தரவை வைத்து, கார்டும் குரூகரும் காட்டிய கவனத்தோடு ஆராய வேண்டும்.

இங்கேதான் நம் பிள்ளைகளின் பலம் இருக்கிறது. தோட்டத்துச் செக்ரோலின், அதாவது தொழிலாளரின் வேலைநாள் பதிவேட்டின், ஒரு பக்கத்தை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே மாதத்தின் நாட்கள், ஒவ்வொரு கட்டத்திலும் முழுப்பெயரா அரைப்பெயரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா, என்ற குறிப்பு. பறித்த கொழுந்தின் நிறை குறைந்ததால் விழுந்த அரைப்பெயர் ஒரு வீட்டின் அரிசியில் எவ்வளவு வெட்டும் என்பது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஆய்வாளருக்கு அந்தக் கட்டம் வெறும் எண். அந்தப் பிள்ளைக்கு அது ஒரு கேள்வி. மன்னாரின் கடற்றொழில், புறக்கோட்டை மொத்த வியாபாரிகளின் கடன் கணக்கு, வெளிநாட்டிலிருந்து வன்னிக்கு வரும் பணம் என்று எத்தனையோ கேள்விகள் இப்படிக் காத்திருக்கின்றன. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த ஆண்டு எந்தக் குடும்பம் எதைச் சாப்பிடாமல் விட்டது என்பதை இனித்தான் நாம் முழுமையாக எழுத வேண்டும்.

தரவுக்கும் கொழும்பிலேயே வாய்ப்பு உண்டு. 1950இல் தொடங்கிய மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வீடுகளின் வருமானத்தையும் செலவையும் நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தே தருகிறது. பழைய காலத்துக்குப் போக விரும்புகிறவர்களுக்குத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பிரித்தானியர் கால ஏடுகள் இருக்கின்றன.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் நல்ல பொருளியல் துறைகள் கலாநிதி மாணவரிடம் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. உதவிக் கற்பித்தலுக்கு மாதாந்தப் படியும் தருகின்றன. பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில் உண்டு. ஆகவே இடம் எடுத்துத் தருகிறோம் என்று இலட்சக்கணக்கில் கேட்கும் முகவர்களிடம் காணியை ஈடுவைத்துப் பணம் கொடுக்காதீர்கள். பெற்றோரிடம் இதை மன்றாடியே கேட்கிறேன். மகள் முப்பது வயது வரை படிப்பதா என்று தயங்குகிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் அவள் சம்பாதித்துக்கொண்டே படிக்கிறாள். திருமணத்தை அதற்காக ஒத்திவைக்கவும் தேவையில்லை. குழந்தையோடு ஆய்வேட்டை முடித்த பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பட்டம் முடிந்த கையோடு விண்ணப்பிக்கவும் அவசரம் வேண்டாம். கொழும்பில் பொருளாதார ஆய்வு செய்யும் கொள்கை கற்கைகள் நிறுவகம் போன்ற இடங்களில் ஓரிரு ஆண்டுகள் ஆய்வு உதவியாளராக வேலை செய்யுங்கள். தரவோடு மல்லுக்கட்டும் பழக்கம் அங்கே வந்துவிடும். உங்களை நன்கு அறிந்து பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடியவரும் கிடைப்பார். கணிதத்தில் பின்தங்கியவர்கள் அந்தக் காலத்தில் மாலை நேரங்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் நேரியல் அட்சரகணித விரிவுரைகளை முழுமையாக இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

அமெரிக்க விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசெம்பர் கடைசித் தவணை. முடிவுகள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். உதவித்தொகையோடு கிடைத்த இடத்தை ஏற்பதா என்று சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவது அங்கே வழக்கம். மூன்று கடிதங்கள் கேட்பார்கள். ஆகவே ஒக்டோபரிலேயே உங்கள் விரிவுரையாளர்களிடம் போய், நீங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையையும் கையில் கொடுத்து, கடிதம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அதை எழுதுவது விரிவுரையாளர்களான எங்கள் கடமை.

நன்றி, வணக்கம்.