15 டாலர் கடிகாரமும் நாலாவது சூளையும்: டஸ்கீகி எழும்பின கதை

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஹவர்ட் (ஹார்வர்ட் இல்ல, கறுப்பினத்தவருக்கான ஹவர்ட்) பல்கலைக்கழகம் பத்திதான் பேசுறதா இருந்தது. அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன். ஃபிஸ்க்ங்கிற கறுப்பினக் கல்லூரி பத்திப் போட்ட வீடியோவுக்குக் கீழ ஒரே கமெண்ட் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கு: "இந்தக் கறுப்பர் கல்லூரி எல்லாம் கார்னகி, ராக்ஃபெல்லர்னு கோடீஸ்வரங்க காசுல கட்டினதுதானே, இதுல என்ன பெருமை?" இதுக்கு உதாரணமா எல்லாரும் இழுக்கிறது அமெரிக்காவோட அலபாமாவுல இருக்கிற டஸ்கீகி கல்லூரியை. படிச்சதும் எனக்குக் கோபம்தான் வந்துச்சு. ஏன்னா டஸ்கீகி கதையில கார்னகி வர்றதுக்கு முன்னாடி 19 வருஷம் ஓடிப் போச்சு. அந்த 19 வருஷத்தைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். முக்கியமா செங்கல் சூளை. சூளை கதை நீளும், இப்பவே சொல்லிடுறேன்.

1881. அலபாமா மாநிலம், மேக்கன் கவுண்டி, டஸ்கீகி ஊர். கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி வேணும்னு மாநில சட்டமன்றம் தீர்மானிச்சு, வருஷத்துக்கு 2,000 டாலர் ஒதுக்குது. இங்கதான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. அந்த 2,000 டாலரை வாத்தியார் சம்பளத்துக்கு மட்டும்தான் தொடலாம். நிலம் வாங்க ஒரு சென்ட் கிடையாது. கட்டடத்துக்குக் கிடையாது. பெஞ்சு, பலகைக்குக்கூடக் கிடையாது. அந்த நிலைமையில பொறுப்பு ஏத்துக்க வந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். வயசு 25. வர்ஜீனியாவுல அடிமையாப் பிறந்தவர், அங்கேயே ஹாம்ப்டன்ங்கிற கறுப்பினப் பள்ளியில படிச்சவர். 1881 ஜூலை 4-ஆம் தேதி, 30 மாணவர்களோட, ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்துல இருந்த ஓட்டைக் குடிசையில வகுப்பு ஆரம்பிக்குது. மழை வந்தா ஒரு பையன் எழுந்து வாத்தியாருக்குக் குடை பிடிப்பானாம், அவர் பாடம் கேட்டு முடிக்கிற வரைக்கும்.

ஐயோ, ஒருத்தரை விட்டுட்டேன், கொஞ்சம் பின்னாடி போவோம். இந்தச் சட்டமே லூயிஸ் ஆடம்ஸ் இல்லாம வந்திருக்காது. முன்னாள் அடிமை. தகர வேலை, செருப்பு வேலை, குதிரைச் சேணம் தைக்கிற வேலை, மூணும் தெரிஞ்ச கைவினைஞர். 1880 தேர்தல்ல ஓட்டுக் கேட்டு வந்தவங்ககிட்ட அவர் பேரம் பேசினார்: "எங்க ஜனங்க ஓட்டு வேணும்னா எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேணும்." ஆக முதல் மூலதனம் ஓட்டு. இவர் பேரைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்.

சரி, நிலம். ஊருக்கு வெளியே 100 ஏக்கர் பழைய தோட்டம் 500 டாலருக்கு விலைக்கு வந்துச்சு. பங்களா எரிஞ்சு போய், மிச்சம் இருந்தது ஒரு சின்ன வீடு, சமையலறை, குதிரை லாயம், கோழிக் கொட்டகை. லாயமும் கோழிக் கொட்டகையும் வகுப்பறை ஆச்சு. 250 டாலர் முன்பணத்தை ஹாம்ப்டனோட பொருளாளர் ஜெனரல் மார்ஷல் தன் சொந்தப் பணத்துல இருந்து கடனாக் குடுத்தார். கவனிங்க, கடன். அதை அடைச்சதுல பெரிய பங்கு டஸ்கீகி ஆசிரியை ஒலிவியா டேவிட்சனோடது. வீடு வீடாப் போய், வெள்ளைக்காரங்க வீடு, கறுப்பின வீடுன்னு பார்க்காம, கேக், கோழி, ரொட்டின்னு கேட்டு வாங்கி, விருந்து வச்சு வித்து, அந்தக் காசைச் சேர்த்தாங்க. மூணே மாசத்துல கடன் அடைஞ்சுது. அடுத்த ரெண்டு மாசத்துல மிச்ச 250-ம் கட்டி, பத்திரம் கைக்கு வந்துருச்சு. பின்னாடி அவங்க வாஷிங்டனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, 1889-லயே இறந்தும் போயிட்டாங்க. இந்தக் கதையை யார் சொன்னாலும் இவங்களை ஒரு வரியில கடந்துடுறாங்க, எனக்கு அது சுத்தமாப் பிடிக்கல.

இப்போ சூளை.

ஊர்ல செங்கல் கிடையாது. வெளியில வாங்கக் காசும் கிடையாது. நாமளே அறுப்போம்னு இறங்கினாங்க. மண் தேடறதுலயே பல இடம் தோண்டிப் பார்க்க வேண்டியிருந்துச்சு. களி ரொம்ப அதிகமான மண்ணுல அறுத்தா, காயும்போதே கல் சுருங்கி வெடிக்கும். மணல் தூக்கலா இருந்தா விளிம்பு உதிரும். நடுவாந்தரமான மண் கிடைச்ச பிறகு, பசங்க முழங்கால் அளவு சேத்துல மணிக்கணக்கா நின்னு மிதிக்கணும். படிக்க வந்த பசங்களுக்கு இது பிடிக்கல. சேத்து வேலைன்னதும் பல பேர் பள்ளியை விட்டே போயிட்டாங்க. சேறு மிதிக்காம இருக்கத்தானே படிப்புன்னு நினைச்சு வந்திருப்பாங்க. அவங்க மேல தப்பே சொல்ல மாட்டேன்.

முதல் சூளைக்கு ஏறக்குறைய 25,000 கல் அறுத்தாங்க. ஒரு கல் 2 கிலோன்னு வச்சாலும் 50 டன். எல்லாம் கை அச்சு. அந்தச் சூளை வீணாப் போச்சு. கட்டினதும் சரியில்ல, எரிச்சதும் சரியில்லன்னு வாஷிங்டனே எழுதியிருக்கார்.

இதுக்கு ஏன் இவ்வளவு நுணுக்கம் வேணும்னா, அந்தக் காலத்துச் சூளைன்னா தனிக் கட்டடம் எதுவும் கிடையாது. பச்சைக் கல்லையே அடுக்கி, அடியில சுரங்கம் மாதிரி தீ வாய் விட்டு, வெளிப்பக்கம் சேறு பூசி, உள்ளே விறகு போட்டு எரிக்கிறது. அந்த வெளிச்சுவருக்கு ஏற்கெனவே வெந்த கல் இருந்தா நல்லது, சூடு வெளியே போகாது. முதல் தடவை சூளை போடுறவங்ககிட்ட வெந்த கல் எங்க இருக்கும்? அடுத்தது தீ. வெயில்ல காஞ்ச கல்லுக்குள்ளயும் ஈரம் இருக்கும். முதல் ரெண்டு மூணு நாள் தீயை அடக்கியே வைக்கணும். அவசரப்பட்டா உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகி, வெளியேற வழி இல்லாம கல்லைப் பொளந்துடும். மேல வர்ற வெள்ளை ஆவி நின்னுச்சான்னு பார்க்க ஒரு வழி இருக்கு: காஞ்ச இரும்புக் கம்பியை மேலிருந்து உள்ளே விட்டு எடுங்க, கம்பியில ஈரம் படிஞ்சா இன்னும் பொறுக்கணும். ஈரம் போன பிறகுதான் தீயை ஏத்தி 900 டிகிரி செல்சியஸுக்கு மேல கொண்டு போகணும்.

ரெண்டாவது சூளையும் போச்சு. பசங்களை வேலைக்குக் கூப்பிடுறதே கஷ்டமாயிடுச்சு. மூணாவதுக்கு, ஹாம்ப்டன்ல தொழில் பழகின வாத்தியாருங்களே இறங்கி வேலை பார்த்தாங்க. ஒரு வாரம் எரியணும். வாரக் கடைசி, இன்னும் சில மணி நேரத்துல ஆயிரக்கணக்கான கல் கைக்கு வந்துடும்னு இருந்தப்போ, நடு ராத்திரியில சூளை சரிஞ்சு விழுந்துருச்சு.

ஏன் கடைசி நேரத்துல சரியுது? வேகும்போது கல் சுருங்கும். மேல் வரிசை சில அங்குலம் இறங்கும், அதைப் பார்த்துத்தான் வெந்துருச்சுன்னே முடிவு பண்ணுவாங்க. ஆனா நாலு பக்கமும் ஒரே சீரா இறங்கணும். ஒரு தீ வாயில மட்டும் விறகு அதிகமாப் போட்டா, அந்தப் பக்கத்து அடிக்கல் இளகி, பாரம் தாங்காம அமுங்கும். மேல இருக்கிற டன் கணக்கான கல் அந்தப் பக்கமே சாயும். சூடு உச்சத்துல இருக்கிற கடைசி நாள்லதான் இந்த ஆபத்து அதிகம்.

மூணும் போச்சு. கையில ஒரு டாலர்கூட இல்ல. விட்டுடலாம்னு பெரும்பாலான வாத்தியாருங்க சொல்லிட்டாங்க. வாஷிங்டன் தன்கிட்ட இருந்த கடிகாரத்தை எடுத்துக்கிட்டு மான்ட்கோமெரிக்குப் போய், அடகுக்கடையில வச்சு, 15 டாலர் வாங்கிட்டு வந்தார். நாலாவது சூளை. வெந்துருச்சு!

கடிகாரம் மூழ்கிப் போச்சு. மீட்கப் பணம் சேர்றதுக்குள்ள கெடு தாண்டிடுச்சு. அதுக்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லைன்னு எழுதியிருக்கார். கார்னகி குடுத்ததை எல்லாம் ஒரு தட்டுலயும் இந்த 15 டாலரை இன்னொரு தட்டுலயும் வச்சா, எனக்கு 15 டாலர் பக்கம்தான் கனம்.

அதுக்கப்புறம் கல் நல்லா இருக்குன்னு ஊர் வெள்ளைக்காரங்களே வாங்க வந்தாங்க. பள்ளி மேல அக்கறையே இல்லாதவங்ககூட வந்தாங்க. 1900 வாக்குல ஒரே பருவத்துல 12 லட்சம் கல். மொத்தம் 40 கட்டடம், அதுல நாலைத் தவிர மத்ததெல்லாம் அனேகமா முழுக்க மாணவர்கள் உழைப்பு. அதுல பல கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் ராபர்ட் ஆர். டெய்லர். அமெரிக்காவோட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துல (எம்.ஐ.டி.) பட்டம் வாங்கின முதல் கறுப்பினத்தவர், 1892-ல. வாஷிங்டன் குடியிருந்த 'தி ஓக்ஸ்' வீடும் அவர் வரைஞ்சதுதான், மாணவர்கள் சுட்ட கல்லுலயே கட்டினது.

இப்போ வாங்க கார்னகிக்கு. நூலகத்துக்கு 20,000 டாலர், 1900 கடைசியில. 1903-ல 6,00,000 டாலர். பெரிய தொகை, நன்றியோட சொல்ல வேண்டியதுதான். ஆனா வரிசை முக்கியம்: நாலாவது சூளை முதல்ல, காசோலை பிறகு. 1915-ல வாஷிங்டன் இறந்தப்போ 100 கட்டடத்துக்கு மேல, 1,500 மாணவர்கள்.

டஸ்கீகியில வேலை பார்த்த வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பத்தித் தனி வீடியோ ஏற்கெனவே இருக்கு, அதனால சுருக்கமா: 1896-ல வந்தார், பருத்தி உறிஞ்சின மண்ணுக்குத் தட்டைப்பயறு, நிலக்கடலைன்னு மாத்துப்பயிர் சொன்னார், 1906-ல இருந்து வண்டி கட்டி அந்தப் பாடத்தைக் கிராமத்துக்கே அனுப்பினாங்க. 1944-ல பேட்டர்சன் டஸ்கீகி தலைவரா இருந்தப்போ, கறுப்பினக் கல்லூரிகள் தனித்தனியா நிதி கேட்டு அலையாம சேர்ந்து திரட்ட யுனைடெட் நீக்ரோ காலேஜ் ஃபண்ட் தொடங்கினாங்க. 'பல்கலைக்கழகம்'ங்கிற பேர் 1985-லதான் வந்துச்சு.

இன்னொண்ணு, டஸ்கீகி பேர்லயே சொல்லப்படுற சிபிலிஸ் (பால்வினை நோய்) ஆய்வு. 1932-ல இருந்து 1972 வரைக்கும் 600 கறுப்பின ஆண்களை வச்சு நடந்தது. நடத்தினது அமெரிக்க அரசோட பொதுச் சுகாதாரத் துறை. பென்சிலின் வந்த பிறகும் மருந்து குடுக்காம விட்டது அவங்க. ஆனா டஸ்கீகி தன் மருத்துவமனையைப் பயன்படுத்த விட்டது, அதை மறைக்கக் கூடாது. ஊர் பேர் ஒட்டிக்கிட்டு, நடத்தினவங்க பேர் மறைஞ்சு போச்சே, அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

ஆ, டெய்லரோட பழைய தேவாலயத்தைச் சொல்லாமலே விட்டுட்டேன் பாருங்க. 1898-ல முடிஞ்சது, அதுவும் மாணவர் சுட்ட கல்லுதான். 1957-ல தீயில போயிடுச்சு. இப்போ அங்க நிக்கிறது 1969-ல முடிஞ்ச வேற கட்டடம், பால் ருடால்ஃப் வடிவமைச்சது. பழைய கல்லைப் பார்க்கணும்னா 'தி ஓக்ஸ்' போங்க. அமெரிக்க தேசியப் பூங்காத் துறை பராமரிக்குது. சுவர்கிட்ட போய்ப் பாருங்க. ஹவர்ட் அடுத்த வாரம்.