தரகர் கூலியும் செயலிச் சந்தாவும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியினருக்கும், போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு எங்கள் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

டேட்டிங் செயலிகள் மக்களுக்குச் சலித்துப்போகக் காரணம் பயன்படுத்துபவரின் மனசா, செயலியின் வியாபாரமா? இதுதான் ஐயா கொடுத்த தலைப்பு. வியாபாரமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய தங்கை, "நூறு முகம் பார்த்த பிறகும் நூற்றியோராவது முகத்தைத் தேடுகிறவனைச் செயலி என்ன செய்யும்?" என்று கேட்டு நல்ல கைதட்டல் வாங்கினார். அம்மா, அந்த நூற்றியோராவது முகத்தை அவன் கண் முன்னால் நீட்டியது யார்?

நம்மூர்க் கல்யாணத் தரகரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. முப்பத்தெட்டு வயது மாப்பிள்ளையை முப்பத்திரண்டு என்பார். வாடகை வீட்டைச் சொந்த வீடு என்பார். ஆனால் அவருக்குக் கூலி எப்போது? தாலி ஏறினால்தான் முழுக் கூலி. அதனால் எப்படியாவது முடித்து வைக்க வெயிலில் அலைவார். செயலிக்கு நேர்மாறு. அதற்கு வருவது மாதச் சந்தா. நீங்கள் தேடிக்கொண்டே இருக்கும்வரை காசு. ஜோடி சேர்ந்துவிட்டால் ஒரே நாளில் இரண்டு வாடிக்கையாளர் காலி! எந்த முதலாளிக்கு ஐயா சீக்கிரம் முடித்து வைக்க மனசு வரும்?

ஹிஞ்ச் என்று ஒரு செயலி. "அழிக்கப்படுவதற்காகவே உருவாக்கப்பட்டது" என்பது அதன் விளம்பர வாசகம். அதாவது ஜோடி கிடைத்ததும் போனிலிருந்து நீக்கிவிடலாமாம். அதை வைத்திருப்பது மேட்ச் குழுமம். டிண்டர், ஓகேகியூபிட், பிளென்டி ஆஃப் ஃபிஷ் எல்லாம் அதே குழுமத்தின் கையில்தான். ஒரு கடையில் சலித்து அடுத்த கடைக்கு ஓடினால், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அதே ஆள். 2024 காதலர் தினத்தன்று, பார்த்து வைத்தாற்போல, சான் பிரான்சிஸ்கோவில் இந்தக் குழுமத்தின் மேல் வழக்கு போட்டார்கள்: ஆட்களைச் சேர்த்து வைக்க அல்ல, அடிமையாக்கவே இவை வடிவமைக்கப்பட்டிருக்கின்றன என்று. நிறுவனம் மறுத்தது. வழக்கு போட்டாலே குற்றம் நிரூபணமாகிவிடாது என்று எதிரணி எழுந்து சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வழக்கை விடுங்கள், உருவாக்கியவர் வாய்மொழியைக் கேளுங்கள். பிடித்த முகத்தை வலப்பக்கமும் பிடிக்காததை இடப்பக்கமும் விரலால் தள்ளுகிறோமே, டிண்டரின் அந்த ஸ்வைப் முறையை வடிவமைத்த ஜொனாதன் படீன், ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனையை ஓர் ஆவணப்படத்தில் தானாகவே எடுத்துச் சொல்கிறார். கொத்தினால் தானியம் சில நேரம் வரும், சில நேரம் வராது. ஒவ்வொரு தடவையும் வந்தால் புறா வயிறு நிறைந்ததும் போய்விடும். வரவே வராவிட்டால் வெறுத்துப் போய்விடும். எப்போது வரும் என்று தெரியாமல் வைத்தால்தான் விடாமல் கொத்தும். செயலியில் புறா நாம்தான்; தானியம் 'மேட்ச்', அதாவது நமக்குப் பிடித்தவருக்கு நம்மையும் பிடித்துப்போவது.

இதனால்தான், தங்கை காட்டிய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு எனக்கு எதிரானது இல்லை. 2017இல் அமெரிக்காவில் சந்தித்த ஆண்-பெண் ஜோடிகளில் 39 சதவீதம் பேர் இணையத்தில் சந்தித்தவர்கள் என்றார். உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஒருவருக்கும் ஜோடி கிடைக்காத செயலி என்றால் ஒரு வாரத்தில் தூக்கிப் போட்டிருப்பார்களே! பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்தது, நமக்கும் கிடைக்கும் என்றுதானே ராத்திரி ஒரு மணிவரை கட்டைவிரல் ஓய்வதில்லை? சலிப்பு பிறக்குமிடமே அதுதான். மேட்ச் ஆகும், "ஹாய்" வரும், என்ன வேலை, எந்த ஊர் என்று அதே நேர்காணல் மறுபடி நடக்கும், நாலாவது நாள் ஆளைக் காணோம். மறுபடி முதலிலிருந்து. பெண்களுக்கு வேறு தலைவலி: இன்பாக்ஸ் முழுக்க "ஹாய்". அதில் பாதி எதற்கு வந்தது என்றே தெரியாது.

இதற்கு மருந்து என்றுதான் 2014இல் பம்பிள் என்ற செயலி வந்தது. பெண்தான் முதலில் பேச வேண்டும் என்றது. பத்து வருஷம் கழித்து, அதுவே பெண்களுக்குப் பாரமாகிவிட்டது என்று அந்த விதியைத் தளர்த்தினார்கள். அடுத்த மாதமே விளம்பரப் பலகை வைத்தார்கள், பிரம்மச்சரியம் ஒன்றும் தீர்வில்லை என்று. சலித்துப்போன பெண்களையே கிண்டல் செய்கிறீர்களா என்று ஊரே திட்ட, மன்னிப்புக் கேட்டு எடுத்தார்கள். பிரிட்டனில் 2023 மே முதல் 2024 மே வரை டிண்டரை விட்டுப் போனவர்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேர் என்கிறது அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மனசு கெட்டுப்போனதா, ஐயா?

ஒன்றை மட்டும் மறுத்தால் நான் பொய்யனாவேன். தரகரின் பையில் இருந்தவை ஜாதி பார்த்து அடுக்கிய ஜாதகங்கள். தன்பாலீர்ப்பாளர்களுக்கு அவர் வாசலே திறக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் செயலி ஒரு கதவைத் திறந்தது. ஆனால் வேறு கதவு இல்லாதவர்தான் சலித்தாலும் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்கிறார். அவரிடம்தான் காசு கறப்பதும் சுலபம். உங்களைப் பிடித்தவர் யார் என்று முகத்தை மங்கலாக்கிக் காட்டி, தெளிவாகப் பார்க்கப் பணம் கட்டு என்கிறார்களே, அந்த வியாபாரத்துக்கு ஏற்ற ஆள் அவர்தானே?

எதிரணியில் அடுத்து வருகிறவர் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். டிண்டர் 2015இல் கட்டணச் சேவை தொடங்கியபோது, அமெரிக்காவில் 30 வயதுக்குக் கீழே இருந்தால் மாதம் 9.99 டாலர். 30 ஆகிவிட்டால் 19.99. அதே செயலி, அதே வசதி. வயது ஏற ஏற அவசரமும் ஏறும் இல்லையா, விலையையும் ஏற்றிவிட்டார்கள்! இது சட்டத்துக்கு முரணான பாகுபாடு என்று 2018இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கூடுதலாக வாங்கிய அந்தப் பத்து டாலரை யாருடைய மனசுக் கணக்கில் எழுதுவது?

ஐயா மணியை அடித்துவிட்டார். அமர்கிறேன், நன்றி.