எழுதாக் கணக்கு

(அம்மப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலர் வெளியீட்டின்போது திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர், ஓய்வுநிலை அதிபர் அவர்களே, காலையில் கன்னியாவில் கிரியைகளைச் செவ்வனே நிறைவேற்றித் தந்து, களைப்பையும் பாராது இங்கு வந்து ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, அம்மப்பாவின் மீதுள்ள அன்பினால் கிண்ணியாவிலிருந்து வந்திருக்கும் மௌலவி அவர்களே, மலரின் முதற் பிரதியைப் பெற்றுக்கொண்ட வைத்தியர் ஐயா அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, பிரதேச செயலக உத்தியோகத்தர்களே, உறவினர்களே, தாய்மாரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியரும் ஆவார். அவர் முன்னிலையில் பேசுவதைப் பெரும் பேறாகவே கருதுகின்றேன்.

தொண்ணூறு ஆண்டுகள் நம்மிடையே வாழ்ந்த அம்மப்பாவை, ஐந்து பிள்ளைகளை ஆளாக்கிய குடும்பத் தலைவர், பேரப்பிள்ளைகளின் தோழர், இந்த ஊரின் சாட்சி என்னும் மூன்று நிலைகளில் நோக்க எண்ணியுள்ளேன். இம்மூன்றுக்கும் அடிப்படையாக, அவர் வாயில் எந்நேரமும் இருந்த பழமொழி ஒன்று உண்டு. "எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்பதே அது.

பலசரக்குக் கடையொன்றின் கணக்கப்பிள்ளையாக இருந்த அவர், நாள் முழுதும் எழுதிக் களைத்து வந்த பின்னும், இரவில் பிள்ளைகளின் ஐந்து பென்சில்களையும் சீவி மேசையில் வரிசையாக வைத்துவிட்டே உறங்குவார். அம்மம்மா பாயில் விழுந்த கடைசிக் காலத்தில் அவருக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவரும் அவரே.

1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்த ஊரைச் சூறாவளி தாக்கியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடைக் கூரை பறந்த அந்த இரவில், அம்மப்பா காசுப்பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, கடன் கொப்பியைப் பிஸ்கட் பேணி ஒன்றுக்குள் வைத்து மூடி, சாரத்தால் நெஞ்சோடு இறுகக் கட்டிக்கொண்டு, முறிந்து கிடந்த மரங்களுக்கு மேலால் ஏறி விழுந்து வீடு சேர்ந்தார். மறுநாள் முதலாளி, "காசை விட்டிட்டுக் கொப்பியையோ தூக்கிக்கொண்டு போனனீர்?" என்று சினந்தபோது, "காசு போனால் உழைக்கலாம் முதலாளி, எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்றாராம். ஆனால், அவ்வளவு பாடுபட்டுக் காத்த அதே கொப்பியில், வள்ளமும் வலையும் இழந்த மீனவர்களின் பெயர்களைத் தேடியெடுத்து, அவர்களுடைய கடனைத் தம் சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கச் சொல்லி, ஒவ்வொரு பெயரின் மேலும் கோடு கீறியவரும் அவரே. நான்கைந்து ஆண்டுகள் கழித்துக் கிண்ணியா மீனவர் ஒருவர் 'பாதை' என்னும் மிதவைப் படகில் துறை கடந்து (2009இல் பாலம் திறக்கும்வரை எல்லாரும் அப்படித்தானே வந்தோம்) இரண்டு பாரைமீனும் மடித்த நோட்டுகளுமாகக் கடைவாசலில் வந்து நின்றார். "உங்கட கணக்கு முடிஞ்சுது நானா" என்று அம்மப்பா கொப்பியை விரித்துக் காட்டினார். "நீங்கள் கீறின கோடு கொப்பியில கிடக்கட்டும், என்ர மனசில கீறேல்லை ஐயா" என்று அவர் காசை மேசையில் வைத்துவிட்டு நடந்துவிட்டார். அன்று தொடங்கிய உறவினாலேயே மௌலவி அவர்கள் இன்று இங்கு அமர்ந்திருக்கிறார். அந்த மீனவர் அவருடைய தகப்பனார்.

இத்தனை பேரின் கணக்கை எழுதியவரின் கணக்கை நாம் எழுதவில்லை என்பதே என் மனத்தை அறுக்கின்றது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது அவர் ஏழு வயதுச் சிறுவர். அக்கதையை நூறு தடவை சொல்லியிருப்பார். மலருக்காக அதை எழுத அமர்ந்தபோது, பதுங்குகுழிக்குள் இருந்ததாகச் சொன்னார் என்றார் பெரிய மாமா; கோயில் மண்டபத்தில் என்றார் அம்மா; ஊரை விட்டே போய்விட்டிருந்தார்கள் என்றார் சின்ன மாமா. கேட்டுத் தெளிய அவர் இல்லை. மூவரும் அழுதார்கள். அந்தப் பழமொழியின் பொருள் அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கிற்று.

ஆகவே இந்தச் சபையிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்கின்றேன். நம்மவர் வெளியிடும் நினைவு மலர்களில் தேவாரமும் திருவாசகமும் இருக்கட்டும். ஆனால் மறைந்தவரின் சொந்தச் சொற்கள் பத்துப் பக்கமேனும் இருக்க வேண்டும். அதற்கு அவர் உயிரோடு இருக்கும்போதே, கையிலுள்ள தொலைபேசியில் குரலைப் பதிந்து, பின் எழுத்தாக்கி, நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். நூலகம் நிறுவனம் இணையத்தில் நம் நினைவு மலர்களையும் சேர்த்துக் காத்து வருகின்றது. ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட சமூகம், ஒரே பிரதியை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கலாகாது.

வாசலில் ஒற்றைக்கோட்டுக் கொப்பிகள் நூறு வைத்துள்ளோம். வீட்டுக்கு ஒன்றாக எடுத்துச் சென்று, முதற் பக்கத்தில் உங்கள் வீட்டு மூத்தவரின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் இன்றிரவே எழுதிவிடுங்கள். அம்மப்பாவோடு ஒரே வாங்கில் படித்த பெரியவர் ஒருவர் தம்பலகாமத்தில் இருப்பதைச் செத்தவீட்டில்தான் அறிந்தேன். நாளைக் காலை முதற் கொப்பியோடு அவரிடம் செல்கின்றேன். நன்றி, வணக்கம்.